தோட்டத்து ஆஸ்பத்திரி முதல் குழுக் காப்புறுதி வரை

ஊழியர் நோயில் விழுந்தால் செலவை யார் ஏற்பது? பத்து, பதினைந்து பேரை வைத்துத் தொழில் நடத்தும் சிறு முதலாளிகளைக் கேட்டால், சட்டம் சொல்வதைச் செய்துகொண்டுதான் இருக்கிறோம் என்பார்கள். அப்படியானால் சட்டம் என்ன சொல்கிறது என்று அடுத்த கேள்வியைக் கேட்டால் பலரும் தயங்குவார்கள். சிங்கப்பூரில் உள்ளூர் ஊழியருக்கு ஒரு விதி, வேலை அனுமதிச் சீட்டில் வந்தவருக்கு வேறொரு விதி, வேலையிடத்தில் அடிபட்டவருக்கு மூன்றாவது விதி. ஒரே பட்டறையில் பக்கத்துப் பக்கத்தில் நின்று வேலை செய்யும் மூவருக்கு மூன்று விதமான ஏற்பாடுகள்.

இந்த மூன்றும் ஒரே நாளில் எழுதப்பட்டவை அல்ல. நூறு ஆண்டுகளுக்கு மேலாகச் சிறிது சிறிதாகச் சேர்ந்தவை. அந்த வரலாற்றின் தொடக்கம் மலாயாவின் ரப்பர் தோட்டங்களில், தமிழ்த் தொழிலாளர்களின் லயத்து வாசலில் இருக்கிறது. அங்கிருந்து இன்றுவரை ஒரே சிக்கல் திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. ஒரு பெரிய நோயின் செலவைச் சிறு முதலாளி தனியாகத் தாங்க முடிவதில்லை. அவர் தாங்கமுடியாதபோது கடைசியில் துன்பப்படுவது ஊழியர்தான்.

தோட்டமும் டிரெஸரும்

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவில் ரப்பர் தோட்டங்கள் வேகமாகப் பெருகின. காடு வெட்டித் திருத்திய இடமெங்கும் மலேரியா பரவியது. தமிழகத்திலிருந்து கப்பலேறி வந்தவர்கள் காய்ச்சலில் விழுந்து மாண்டார்கள். 1901ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத்துக்கு மருத்துவராக வந்த மால்கம் வாட்சன், தேங்கிய நீரை வடியவைத்துக் கொசுவைக் கட்டுப்படுத்தினால் காய்ச்சலும் குறையும் என்பதை நடைமுறையில் செய்துகாட்டினார். அது நோய் வராமல் தடுக்கும் வழி. நோய் வந்துவிட்டவருக்கு யார் வைத்தியம் பார்ப்பது?

காலனித்துவ அரசாங்கம் அந்தப் பொறுப்பைத் தோட்ட முதலாளியின் தலையில் வைத்தது. ஆளை வரவழைத்து வேலை வாங்குகிறவரே வைத்தியமும் பார்க்க வேண்டும் என்பதே அடிப்படை. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத் தொகுப்பும் தோட்ட முதலாளிகளுக்கு மருத்துவமனைப் பொறுப்பை வலியுறுத்தியது. பெரிய வெள்ளைக்காரக் கம்பெனிகளின் தோட்டங்களில் ஆஸ்பத்திரி கட்டப்பட்டது. அவ்வப்போது வந்து பார்க்கும் டாக்டரும், அங்கேயே தங்கி மருந்து கொடுக்கும் டிரெஸரும் நியமிக்கப்பட்டனர். காலைப் பெரட்டில் கொயினா மருந்து விழுங்கியது மூத்த தலைமுறையினர் பலரும் சொல்லக் கேட்ட செய்தி.

ஆனால் தோட்டங்கள் எல்லாம் ஒரே அளவில் இல்லை. ஐந்நூறு பேர் வேலை செய்யும் தோட்டத்துக்கு ஆஸ்பத்திரிச் செலவு கட்டுப்படியாகும். நாற்பது, ஐம்பது பேர் உள்ள தோட்டத்துக்கு? அதற்கு ஒரு வழி கண்டுபிடிக்கப்பட்டது. அக்கம்பக்கத்துத் தோட்டங்கள் பல சேர்ந்து ஒரே ஆஸ்பத்திரியை நடத்தின. அதற்குக் குரூப் ஆஸ்பத்திரி என்று பெயர். செலவைத் தோட்டங்கள் பங்கிட்டுக்கொண்டன. இன்றைய குழுக் காப்புறுதியின் அடிப்படைக் கணக்கும் இதுதான். எந்த ஆண்டு எந்தத் தோட்டத்தில் காய்ச்சல் பரவும் என்று யாருக்கும் தெரியாது. எல்லாரும் சேர்ந்து செலவை ஏற்றால், எவர் தலையிலும் மொத்தமாக விழாது.

இந்தச் சிந்தனைக்கு அதற்கு முன்பே ஒரு முன்மாதிரி இருந்தது. 1907ல் அமைக்கப்பட்ட தமிழ்க் குடியேற்ற நிதிக்கு, தென்னிந்தியத் தொழிலாளர்களை வேலைக்கு வைத்திருந்த முதலாளிகள் எல்லாரும் வேலை நாள் கணக்குப்படி பணம் கட்ட வேண்டும். அந்தப் பொது நிதியிலிருந்தே தொழிலாளர்களின் கப்பல் செலவு கொடுக்கப்பட்டது. ஒரு முதலாளி செலவழித்து ஆளை வரவழைக்க, இன்னொருவர் ஆசைகாட்டி இழுத்துக்கொள்ளும் வழக்கத்துக்கு அது முடிவுகட்ட முயன்றது. தொழிலாளர் நலனைவிட முதலாளிகளின் வசதிக்காகவே அந்த நிதி பிறந்தது என்பது உண்மை. ஆனாலும் பெரியவரும் சிறியவரும் ஒரே நிதிக்குக் கட்டும் முறை நடக்கக்கூடியதே என்பதை அது காட்டியது.

அதே முறையைச் சுகாதாரத்துக்கும் கொண்டுவர ஒரு முயற்சி நடந்தது. 1926ல் கூட்டு மலாய் மாநிலங்களில் சுகாதார வாரியச் சட்டம் வந்தது. தோட்டங்களிடம் வரி வசூலித்து, வட்டாரம் வட்டாரமாக மருத்துவ வசதியை நடத்துவது திட்டம். தோட்ட முதலாளிகளின் எதிர்ப்பும், 1930களின் தொடக்கத்தில் ரப்பர் விலை விழுந்ததும் சேர்ந்து அதை முடித்துவைத்தன. விலை நன்றாக இருக்கும்போது கடமையாகத் தெரிந்தது, விலை விழுந்ததும் சுமையாகிவிட்டது. அந்தப் பாடம் பிறகும் பலமுறை திரும்பி வந்தது.

பட்டணத்தில் பெரியவர், சிறியவர்

சிங்கப்பூர்ப் பட்டணத்தின் நிலைமை வேறு. இங்கே தோட்டங்களைவிடத் துறைமுகம், நகராட்சி, கடற்படைத் தளம் ஆகியவைதான் பெரிய முதலாளிகள். செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை செய்த இந்திய ஊழியர்களுக்குக் குடியிருப்பும் மருத்துவ வசதியும் வேலையோடு சேர்ந்தே கிடைத்தன. மளிகைக் கடை, சாப்பாட்டுக் கடை, முடிதிருத்தும் கடை, சலவைக் கடை ஆகியவற்றில் இருந்தவர்களுக்கு அப்படி எதுவும் இல்லை. கடை முதலாளி மனமிருந்தால் கொடுப்பார். இல்லாவிட்டால் அரசாங்க மருந்தகத்தில் வரிசையில் நிற்க வேண்டியதுதான்.

அந்த மருந்தகங்களில் 1960ல்தான் முதன்முதலாகக் கட்டணம் வந்தது. ஒரு வருகைக்கு 50 காசு. தொகை சிறியது. ஆனால் மருத்துவச் செலவில் நோயாளிக்கும் ஒரு பங்கு உண்டு என்ற கொள்கை அன்றே தொடங்கிவிட்டது.

1968ன் வேலைச் சட்டம் சிறு கடைக்காரரையும் கணக்கில் சேர்த்தது. அந்தச் சட்டத்தின்கீழ் வரும் ஊழியருக்கு ஆண்டுக்கு 14 நாள் சம்பளத்துடன் கூடிய நோய் விடுப்பு, மருத்துவமனையில் சேர்க்கப்பட்டால் அதையும் சேர்த்து 60 நாள் என்று வரையறுக்கப்பட்டது. மருத்துவரைப் பார்க்கும் கட்டணத்தை முதலாளி ஏற்க வேண்டும் என்ற கடமையும் அதில் உண்டு. ஆனால் அறுவைச் சிகிச்சைக்கும் வார்டு கட்டணத்துக்கும் பணம் எங்கிருந்து வரும் என்பதற்கு அந்தச் சட்டத்தில் பதில் இல்லை. அந்தப் பதிலைத் தேடித்தான் பெரிய நிறுவனங்கள் காப்புறுதி நிறுவனங்களிடம் போய், ஊழியர்கள் எல்லாரையும் ஒரே பத்திரத்தில் சேர்க்கும் குழுக் காப்புறுதியை வாங்கின.

இதற்கிடையே பிரிட்டிஷ் படைகள் சிங்கப்பூரிலிருந்து விலகின. 1971 அக்டோபர் இறுதியில் அந்த விலகல் முடிந்தபோது, தளங்களை நம்பியிருந்த பல்லாயிரம் குடும்பங்கள் நிலைகுலைந்தன. வேலை போனபோது வீடும் மருத்துவ வசதியும் சேர்ந்தே போயின. பலர் தாயகம் திரும்பினார்கள். முதலாளியோடு கட்டிவைக்கப்பட்ட பாதுகாப்பு, அந்த முதலாளி இருக்கும்வரை மட்டுமே நீடிக்கும் என்பதைச் செம்பவாங் குடும்பங்கள் சொந்த அனுபவத்தில் கண்டன.

இரு கரைகள், இரு வழிகள்

1965க்குப் பிறகு நீரிணையின் இரு கரைகளும் இரு வழிகளில் சென்றன. மலேசியா 1969ல் ஊழியர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றி, 1971ல் சொக்சோ நிறுவனத்தைத் தொடங்கியது. வேலையில் அடிபட்டவருக்குச் சிகிச்சையும் இழப்பீடும் தருவதற்காக முதலாளிகள் அனைவரும் நாட்டுக்கே பொதுவான ஒரே நிதிக்குப் பணம் கட்டும் ஏற்பாடு அது. தொடக்கத்தில் சிறு முதலாளிகள் விடுபட்டிருந்தார்கள். பின்னர் ஓர் ஊழியர் மட்டும் வைத்திருப்பவரும் சேர்க்கப்பட்டார். வெளிநாட்டுத் தொழிலாளர்கள் 1993ல் அதிலிருந்து விலக்கப்பட்டு, 2019 ஜனவரி முதல் மீண்டும் சேர்க்கப்பட்டார்கள். 2011ல் அவர்களுக்கென்று தனியாக மருத்துவமனைக் காப்புறுதித் திட்டமும் வந்தது.

சிங்கப்பூர் பொது நிதியை நாடவில்லை. 1975ன் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் பொறுப்பை முதலாளியிடமே விட்டு, அதைத் தனியார் காப்புறுதி மூலம் நிறைவேற்றச் சொன்னது. 2008ல் அது வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டமாகப் பெயர் மாறி, உடலுழைப்பு அல்லாத வேலை செய்பவர்களையும் உட்கொண்டது. 2020 செப்டம்பரில் நடப்புக்கு வந்த புதிய சட்டத்தின்படி, உடலுழைப்பு வேலை செய்யும் ஊழியர் எவ்வளவு சம்பளம் வாங்கினாலும் அவருக்குக் காப்புறுதி கட்டாயம். மற்ற வேலைகளில் 2021 ஏப்ரல் முதல் மாதம் 2,600 வெள்ளி வரை வாங்குபவருக்கும் கட்டாயம். வாங்கத் தவறினால் 10,000 வெள்ளி வரை அபராதம், 12 மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே. நிறுவனத்தின் அளவைக் காரணம் காட்டி இதில் யாரும் தப்ப முடியாது. இரண்டு பேரை வைத்து நடத்தும் சாப்பாட்டுக் கடைக்கும் இதே சட்டம்தான்.

கணக்கு ஊழியரின் பெயருக்கு மாறியது

வேலையில் அடிபடுவது ஒன்று, சர்க்கரை நோயும் இதய நோயும் வருவது வேறொன்று. சாதாரண நோய்க்கு யார் பொறுப்பு என்ற கேள்விக்குச் சிங்கப்பூர் 1980களில் புதிய பதிலைத் தந்தது. 1983ன் தேசிய சுகாதாரத் திட்டத்தைத் தொடர்ந்து, 1984 ஏப்ரலில் மெடிசேவ் தொடங்கியது. மத்திய சேம நிதிச் சந்தாவிலிருந்து சம்பளத்தில் 6 விழுக்காடு ஊழியரின் சொந்த மருத்துவக் கணக்குக்குப் போனது. முதலாளி மாறினாலும் அந்தக் கணக்கு ஊழியரை விட்டுப் போகாது. செம்பவாங் குடும்பங்களுக்கு நேர்ந்த இழப்புக்கு அது ஒரு வகையில் மறுமொழி.

ஆனால் சேமிப்புக்கு ஓர் எல்லை உண்டு. சொந்தக் கணக்கில் இருப்பதைவிடப் பெரிய பில் வந்தால் சேமிப்பு உதவாது. அதனால் 1990 ஜூலையில் மெடிஷீல்டு காப்புறுதி வந்தது. 1993ல் வசதியற்றவர்களுக்கான மெடிஃபண்ட் வந்தது. அரசாங்கமும் முதலாளி என்ற முறையில் தன் வழியை மாற்றிக்கொண்டது. 1994 முதல் புதிதாகச் சேர்ந்த அரசாங்க ஊழியர்களுக்கு, மருத்துவமனைச் செலவை நேரடியாக ஏற்பதற்குப் பதிலாக, சம்பளத்தில் கூடுதலாக 1 விழுக்காட்டை மெடிசேவில் போடத் தொடங்கியது.

தனியார் நிறுவனங்கள் அவ்வளவு எளிதில் மாறவில்லை. அவர்கள் வாங்கிய குழுக் காப்புறுதியில் இரண்டு குறைகள் இருந்தன. முதலாவது, ஊழியர் வேலையை விட்ட நாளில் பாதுகாப்பும் முடிந்துவிடும். இரண்டாவது, புதிய நிறுவனத்தின் காப்புறுதி பழைய நோயை ஏற்காமல் போகலாம். ஐம்பது வயதில், நீரிழிவு நோயோடு ஆட்குறைப்புக்கு ஆளானவரின் நிலையை எண்ணிப் பார்த்தால் இந்தக் குறைகளின் கனம் விளங்கும். காப்புறுதி மிகவும் தேவைப்படும் நேரத்தில்தான் அது கைவிட்டுப் போகும்.

முதலாளிகள், தொழிற்சங்கம், அரசாங்கம் ஆகிய முத்தரப்பும் இதைப் பேசி, எடுத்துச் செல்லத்தக்க மருத்துவச் சலுகைகள் என்ற யோசனையை முன்வைத்தன. அதில் இரண்டு வழிகள். ஒன்று, முதலாளி ஊழியரின் மெடிசேவில் மாதந்தோறும் கூடுதல் தொகை போடுவது. அதைக் கொண்டு ஊழியர் தமது சொந்தக் காப்புறுதியின் சந்தாவைக் கட்டலாம். இரண்டாவது, மாற்றத்தக்க குழுக் காப்புறுதி. வேலையை விட்ட பிறகும் 12 மாதம் வரை மருத்துவமனைச் செலவுக்கு அது பாதுகாப்புத் தரும். இதே வகைக் காப்புறுதி உள்ள இன்னொரு நிறுவனத்தில் சேர்ந்தால் பழைய நோயைக் காட்டி ஒதுக்க மாட்டார்கள்.

சட்டத்தால் கட்டாயப்படுத்தாமல் வரிச் சலுகையால் ஊக்குவிக்கும் பாதை இங்கே தேர்ந்தெடுக்கப்பட்டது. 2008 வரிமதிப்பீட்டு ஆண்டு முதல், எடுத்துச் செல்லத்தக்க திட்டத்தை ஏற்ற நிறுவனம் மொத்தச் சம்பளத்தில் 2 விழுக்காடு வரை மருத்துவச் செலவாகக் கழிக்கலாம். ஏற்காத நிறுவனத்துக்கு 1 விழுக்காடுதான். ஆனால் சம்பளத் தொகையே சிறிதாக உள்ள கடைக்கு இந்த ஒரு விழுக்காட்டு வித்தியாசம் பெரிய ஈர்ப்பாக இருக்க வாய்ப்பில்லை. வரிச் சலுகை எப்போதும் பெரிய நிறுவனத்தின் காதில்தான் உரக்க விழும்.

உள்ளூர்க்காரர்களுக்கு உறுதியான அடித்தளத்தைத் தந்தது 2015 நவம்பர் 1ஆம் தேதி தொடங்கிய மெடிஷீல்டு லைஃப். குடியுரிமை பெற்றவர்கள், நிரந்தரவாசிகள் அனைவரும் அதில் கட்டாயமாகச் சேர்க்கப்பட்டனர். ஏற்கெனவே இருந்த நோய்களுக்கும் ஆயுள் முழுவதற்கும் பாதுகாப்பு உண்டு. தோட்டங்கள் சில சேர்ந்து குரூப் ஆஸ்பத்திரி நடத்திய இடத்தில், இப்போது நாடே ஒரு குழுவாயிற்று.

வேலை அனுமதிச் சீட்டில் வந்தவர்கள்

அந்தக் குழுவில் சேராதவர்கள் உண்டு. கட்டுமானத் துறையிலும் கப்பல் பட்டறையிலும் வேலை செய்யும் வெளிநாட்டு ஊழியர்களுக்கு மெடிசேவும் இல்லை, மெடிஷீல்டும் இல்லை. அவர்களில் புதுக்கோட்டை, சிவகங்கை, இராமநாதபுரம், தஞ்சாவூர் வட்டாரங்களிலிருந்து வந்த தமிழர்களும் கணிசமாக உண்டு. அவர்களுக்கான விதி நூறு ஆண்டுக்கு முந்தைய தோட்டச் சட்டத்தின் அதே குரலில் பேசுகிறது. ஆளை வரவழைத்தவரே வைத்தியச் செலவை ஏற்க வேண்டும்.

2008 ஜனவரியிலிருந்து, வேலை அனுமதிச் சீட்டு அல்லது எஸ் பாஸ் வைத்திருக்கும் ஒவ்வோர் ஊழியருக்கும் மருத்துவக் காப்புறுதி வாங்குவது முதலாளியின் கட்டாயக் கடமையாயிற்று. குறைந்தபட்சப் பாதுகாப்பு ஆண்டுக்கு 5,000 வெள்ளி. 2010 ஜனவரியில் அது 15,000 வெள்ளியாக உயர்ந்தது. பிறகு பதின்மூன்று ஆண்டுகள் அந்தத் தொகை அசையவில்லை. மருத்துவமனைக் கட்டணங்கள் அப்படி நிற்கவில்லை.

இங்கேதான் சிறு முதலாளியின் சிக்கல் முற்றியது. காப்புறுதி 15,000 வெள்ளிக்குத்தான். ஆனால் முதலாளியின் பொறுப்புக்கு அப்படி எல்லை இல்லை. ஊழியருக்கு மூளையில் இரத்தக் கசிவு ஏற்பட்டு 40,000 வெள்ளி பில் வந்தால், 25,000 வெள்ளியை முதலாளிதான் கட்ட வேண்டும். ஐந்நூறு ஊழியர் உள்ள நிறுவனம் அதைச் சமாளிக்கும். பன்னிரண்டு பேரோடு ஓடிக்கொண்டிருக்கும் துணைக் குத்தகையாளருக்கு அது அந்த ஆண்டின் இலாபம் முழுவதையும் விழுங்கிவிடலாம். அந்தப் பயம் ஒரு முதலாளியின் மனத்தில் புகுந்தால், ஊழியரை மருத்துவமனைக்கு அனுப்புவதில் தயக்கம் வரும். சிகிச்சை முடியுமுன்பே ஊருக்குத் திருப்பி அனுப்பிவிடலாமா என்ற எண்ணம் வரும். நெஞ்சு வலியைச் சொன்னால் வேலை போய்விடுமோ என்று ஊழியரும் வாயைத் திறக்க மாட்டார்.

2020ன் கொவிட் கிருமித்தொற்று இந்த நிலையை ஊரறியச் செய்தது. தங்குவிடுதிகளில் இருந்த ஏறத்தாழ 323,000 ஊழியர்களில் 47 விழுக்காட்டினருக்குத் தொற்று ஏற்பட்டிருந்ததை அந்த ஆண்டு டிசம்பரில் அதிகாரிகள் அறிவித்தனர். நோயை ஆரம்பத்திலேயே கண்டுபிடிக்க, தயக்கமின்றிச் செல்லக்கூடிய மருந்தகம் தேவை என்பது தெளிவாயிற்று.

2022 ஏப்ரலில் அடிப்படை மருத்துவப் பராமரிப்புத் திட்டம் நடப்புக்கு வந்தது. தங்குவிடுதிகளில் வசிப்பவர்களுக்கும், கட்டுமானம், கப்பல் பட்டறை, செயல்முறைத் தொழில் ஆகிய துறைகளில் உள்ளவர்களுக்கும் முதலாளி இதை வாங்கியாக வேண்டும். தொடக்கத்தில் ஓர் ஊழியருக்கு ஆண்டுக்கு 108 முதல் 138 வெள்ளி வரை ஆனது. ஊழியர் மருந்தகத்துக்குச் செல்லும்போது 5 வெள்ளி, தொலைபேசிவழி மருத்துவரைப் பார்த்தால் 2 வெள்ளி கொடுத்தால் போதும். தோட்டங்கள் சேர்ந்து நடத்திய குரூப் ஆஸ்பத்திரியின் சாயல் இதில் தெரிகிறது. வட்டாரத்துக்கு ஒரு மருத்துவ ஏற்பாடு, தலைக்கு இவ்வளவு என்று கட்டணம்.

2023 ஜூலையில் மருத்துவமனைக் காப்புறுதியும் மாறியது. ஆண்டு வரம்பு 15,000லிருந்து 60,000 வெள்ளியாக உயர்ந்தது. முதல் 15,000 வெள்ளியைக் காப்புறுதி நிறுவனம் முழுதாகக் கட்டும். அதற்கு மேல் வரும் தொகையில் 75 விழுக்காட்டைக் காப்புறுதி நிறுவனமும் 25 விழுக்காட்டை முதலாளியும் ஏற்பார்கள். மேலே சொன்ன 40,000 வெள்ளி பில்லை இந்தக் கணக்கில் போட்டுப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். முதல் 15,000 போக மீதி 25,000. அதில் முதலாளியின் பங்கு 6,250 வெள்ளி. பழைய முறையில் அவர் கட்டவேண்டியிருந்தது 25,000 வெள்ளி. பில் 75,000 வெள்ளியை எட்டும்போது காப்புறுதியின் 60,000 வெள்ளி தீர்ந்துவிடும். அதற்கு மேல் வருவது மீண்டும் முதலாளியின் பொறுப்பே.

2025 ஜூலை முதல் மேலும் சில மாற்றங்கள் வந்தன. எந்தெந்தச் செலவுகளைக் காப்புறுதி ஏற்காது என்ற விதிவிலக்குகள் எல்லா நிறுவனங்களுக்கும் ஒரே மாதிரியாக்கப்பட்டன. 50 வயது வரை ஒரு சந்தா, அதற்கு மேல் வேறு சந்தா என்று வகுக்கப்பட்டது. காப்புறுதி நிறுவனம் மருத்துவமனைக்கு நேரடியாகப் பணம் கட்டும் ஏற்பாடும் வந்தது. முதலாளி முதலில் கையிலிருந்து கட்டிவிட்டுப் பிறகு திரும்பப் பெறக் காத்திருக்கும் சிரமம் இதனால் குறைகிறது. ரொக்கம் இறுக்கமாக உள்ள சிறு தொழிலுக்கு இது பெரிய உதவி.

இந்தக் கட்டாயம் நிறுவனங்களோடு நிற்பதில்லை. இல்லப் பணிப்பெண்ணை வேலைக்கு வைத்திருக்கும் குடும்பமும் சட்டத்தின் பார்வையில் ஒரு முதலாளிதான். 60,000 வெள்ளிக் காப்புறுதி அவர்களுக்கும் பொருந்தும்.

கட்டாயம் எது, விருப்பம் எது?

இந்த வரலாற்றைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால் சிறு முதலாளியின் இன்றைய கடமைகள் குழப்பமில்லாமல் பிரிந்து நிற்கும்.

வேலையிடக் காயத்துக்கான காப்புறுதி, சட்டம் குறிப்பிடும் ஊழியர்களுக்கு உள்ளூர், வெளிநாடு என்ற வேறுபாடின்றிக் கட்டாயம். 2025 நவம்பர் முதல் அதன் மருத்துவச் செலவு வரம்பு 53,000 வெள்ளி. வெளிநாட்டு ஊழியருக்கு மருத்துவமனைக் காப்புறுதியும், உரிய துறைகளில் அடிப்படைப் பராமரிப்புத் திட்டமும் கட்டாயம். இந்தக் காப்புறுதிச் சந்தாவை ஊழியரின் சம்பளத்தில் பிடிக்கக்கூடாது. உள்ளூர் ஊழியருக்கு நோய் விடுப்பும் மருத்துவரைப் பார்க்கும் கட்டணமும் வேலைச் சட்டப்படி கட்டாயம். 2019 ஏப்ரல் முதல் நிர்வாகிகளும் இச்சட்டத்தின்கீழ் வந்துவிட்டார்கள். மூன்று மாதம் வேலை செய்தவருக்கு இந்த உரிமை தொடங்குகிறது.

உள்ளூர் ஊழியருக்குக் குழு மருத்துவக் காப்புறுதி வாங்குவது விருப்பம். வாங்க நினைக்கும் சிறு முதலாளி முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, குழுவின் அளவு சந்தாவைப் பாதிக்கும் என்பது. ஐந்து பேர் உள்ள குழுவில் ஒருவருக்குப் பெரிய சிகிச்சை நடந்தால், அடுத்த ஆண்டுச் சந்தா எகிறலாம். ஐந்நூறு பேரில் அது கரைந்துவிடும். பழைய நோய்களுக்கு எவ்வளவு காலம் காத்திருக்க வேண்டும், வெளிநோயாளிச் சிகிச்சை உண்டா, குறிப்பிட்ட மருந்தகங்களுக்குத்தான் போகவேண்டுமா என்பதைப் பத்திரத்தில் கையெழுத்திடும் முன்பே பார்க்க வேண்டும்.

ஊழியருக்கு ஏற்கெனவே மெடிஷீல்டு லைஃப் இருக்கிறது. சிலர் அதற்கு மேல் தனியார் திட்டமும் வைத்திருப்பார்கள். குழுக் காப்புறுதி இருந்தால் முதலில் அதுதான் பில்லைக் கட்டும். ஆகவே ஒரே பாதுகாப்புக்கு முதலாளியும் ஊழியரும் தனித்தனியே பணம் கட்டும் நிலை எளிதில் ஏற்படும். சின்ன நிறுவனத்துக்கு மெடிசேவில் கூடுதல் தொகை போடும் வழி சில நேரம் பொருத்தமாக இருக்கும். செலவு முன்கூட்டியே தெரியும். ஊழியர் விலகினாலும் பணம் அவரோடு போகும். ஊழியர்களில் வயதானவர்கள் அதிகமென்றால் மாற்றத்தக்க குழுக் காப்புறுதியை விசாரிப்பது நல்லது. எதைத் தேர்ந்தெடுத்தாலும், தங்களுக்கு என்ன பாதுகாப்பு உண்டு என்பதை ஊழியர்களிடம் அவர்களுக்குப் புரியும் மொழியில் சொல்லிவைக்க வேண்டும். உரிமை இருப்பதே தெரியாதவர் அதைக் கேட்கமாட்டார்.

சுமையா, கடமையா?

ஊழியரின் மருத்துவச் செலவு சுமையா, கடமையா என்று வாதிட்டால் இரு பக்கமும் நியாயம் பேச முடியும். வரலாறு தரும் பதில் எளிமையானது. தனியாகத் தூக்கும்போது அது சுமை. சேர்ந்து தூக்கும்போது அது செய்யக்கூடிய கடமை. குரூப் ஆஸ்பத்திரி நடத்திய தோட்டங்களுக்கும், சொக்சோவுக்குப் பணம் கட்டும் மலேசிய முதலாளிக்கும், மெடிஷீல்டு லைஃபில் இணைந்த சிங்கப்பூரருக்கும் இது பொருந்தும். ஊர் கூடித் தேர் இழுப்பது என்று பெரியவர்கள் சொன்னது இதைத்தான்.

வெளிநாட்டு ஊழியரின் விஷயத்தில் மட்டும் தேர் இன்னும் பாதி வழியில் நிற்கிறது. காப்புறுதி வரம்பு உயர்ந்துவிட்டது. ஆனால் வரம்புக்கு மேற்பட்ட தொகையும் 25 விழுக்காட்டுப் பங்கும் தனித்தனி முதலாளியின் தலையில்தான் விழுகின்றன. அந்த எஞ்சிய பங்கையும் சிறு குத்தகையாளர்கள் தங்கள் வணிகச் சங்கங்கள் மூலம் ஒன்றுசேர்ந்து ஏற்க முடியுமா என்பது இனி பேசவேண்டிய கேள்வி. 1930களில் ரப்பர் விலை விழுந்தபோது சுகாதார வாரியம் கைவிடப்பட்டது போல, கட்டுமானத் தொழில் மந்தமடையும் ஆண்டில் முதலில் வெட்டப்படும் செலவாக இது ஆகிவிடக்கூடாது. வலி எடுத்த அன்றே ஓர் ஊழியர் அச்சமின்றி மருத்துவமனை வாசலில் ஏறமுடிந்தால், அந்த ஏற்பாடு சரியாக வேலை செய்கிறது என்று பொருள்.